செக் என்ஜின் லைட் திரும்பத் திரும்ப எரிந்தால்

(ஆயுத பூஜை அன்று மாலை நம் குடியிருப்பின் பார்க்கிங்கில், வண்டிகளுக்குப் பூஜை முடிந்த பிறகு, பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் முழுவதுமாக இங்கே தருகிறோம்.)



சுண்டலும் பொரியும் கையில் இருக்கும்போது யாரும் நீளமாகப் பேசக் கூடாது. இருந்தாலும் செயலாளர் சார் அரை மணி நேரம் கொடுத்திருக்கிறார். நான் பேருந்துப் பணிமனையில் 31 வருடம் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அதனால்தான் வண்டியில் ஏதாவது லைட் எரிந்தால் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறீர்கள். நானும் ஸ்கேனரை எடுத்துக்கொண்டு இறங்கி வருவேன். இன்றைக்கு நான் சொல்லப் போவது நான் சரியாகச் செய்த வேலையைப் பற்றி இல்லை. என் சொந்த வண்டியில் ஐந்து மாதம் தப்பாகச் செய்த வேலையைப் பற்றி.

என் வண்டி டீசல் கார். 2017-இல் வாங்கியது. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் நமக்கெல்லாம் நினைவிருக்கும். புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து பாகூர் பக்கம் ஊர்களே தண்ணீரில் நின்றன. நம் பார்க்கிங்கிலும் தண்ணீர் ஏறியது. என் வண்டிக்குக் கதவின் கீழ்ப்படி வரைக்கும் வந்து நின்றது. உள்ளே ஏறவில்லை. தண்ணீர் வடிந்ததும் துடைத்தேன், ஸ்டார்ட் செய்தேன், ஓடியது. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

பிப்ரவரி மாதம் தவளக்குப்பம் சந்திப்பு தாண்டிப் போகும்போது மஞ்சள் நிறத்தில் என்ஜின் படம் போட்ட அந்த லைட் எரிந்தது. வண்டி லேசாக ஒரு முறை குலுங்கியது. அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து ஸ்கேனரை மாட்டிப் பார்த்தேன். பி0335 என்று காட்டியது. கிராங்க் பொசிஷன் சென்சார் சர்க்யூட் என்று அதற்குப் பொருள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கடைக்குப் போய் ஒரு சென்சார் வாங்கி மாற்றினேன். லைட் அணைந்தது. மூன்று வாரம் கழித்து மறுபடியும் எரிந்தது. மலிவான சென்சார் வாங்கியதுதான் தப்பு என்று நினைத்து, கம்பெனி சென்சாரே வாங்கிப் போட்டேன். இருபது நாள் நன்றாக இருந்தது. மறுபடியும் எரிந்தது. இரண்டு சென்சாருக்கும் சேர்த்து ஒன்பதாயிரம் ரூபாய் போனது.

அதற்குப் பிறகு எனக்குச் சலித்துவிட்டது. லைட் எரிந்தால் ஸ்கேனரை மாட்டி, கோடை அழித்துவிடுவேன். வண்டிதான் ஓடுகிறதே. இப்படி ஆறு முறை அழித்தேன். என் மனைவி கூட ஒரு நாள் கேட்டார், "அது என்னங்க, சும்மா சும்மா எரியுது?" என்று. "அது ஒண்ணும் இல்ல, சென்சார் பிரச்சினை" என்றேன். இந்த ஒரு வாக்கியத்தை உங்களில் எத்தனை பேரிடம் நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்தால் இப்போது எனக்கே பயமாக இருக்கிறது.

ஜூன் மாதக் கடைசியில் ஒரு ராத்திரி. என் மகள் தலைப்பிரசவத்துக்கு இங்கே வந்திருந்தாள். ஒன்றரை மணிக்கு வலி எடுத்தது. 108-ஐ அழைக்கலாம் என்று மனைவி சொன்னார். நம் வண்டி இருக்கும்போது எதற்கு, அது வருவதற்குள் நாம் போய்விடலாம் என்றேன். இருவரையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கடலூர் சாலையில் ஏறி, சுண்ணாம்பாற்றுப் பாலத்தில் வண்டி ஏறியதும், ஆர்பிஎம் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. வண்டி 40-க்கு மேல் போய்க்கொண்டிருக்கிறது. ஆனால் முள் பூஜ்யத்தில் நிற்கிறது. அடுத்த நொடி ஆக்ஸிலேட்டர் மிதித்தால் ஒன்றும் இல்லை. ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆனது. பிரேக் இறுகியது. பின்னால் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போனது.

எப்படியோ இடது ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். சாவியைத் திருப்பினால் மோட்டார் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. மகள் "அப்பா" என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டாள். 31 வருடம் ஓடாத வண்டியை ஓட வைத்தவன், அன்றைக்குப் பாலத்தின் மேல் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

சி பிளாக் தம்பிக்கு போன் செய்தேன். இரண்டாவது ரிங்கில் எடுத்தார். லுங்கியோடு வண்டியை எடுத்துக்கொண்டு வந்தார். ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடம் எனக்கு எவ்வளவு நீளம் என்று சொல்லத் தெரியவில்லை. விடியற்காலை நான்கு மணிக்குப் பேரன் பிறந்தான். தாயும் பிள்ளையும் நலம். அதோ, அந்தத் தூணுக்குப் பக்கத்தில் பாட்டி மடியில் தூங்கிக்கொண்டிருக்கிறான். தம்பி இங்கே இருக்கிறார், கை தட்டினால் கூச்சப்படுவார், பரவாயில்லை, தட்டுங்கள்.

சரி. இப்போது பழுதுக்கு வருவோம். ஏன் இப்படி ஆனது, எப்படிக் கண்டுபிடித்தேன், உங்கள் வண்டியில் வந்தால் நீங்கள் என்ன செய்ய வேண்டும்.

சென்சார் இல்லாவிட்டால் ஏன் நிற்கிறது?

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்து டீசல் என்ஜினுக்கு, ஒரு முறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் கரன்ட்டே தேவையில்லை. பம்ப் என்ஜினோடு கியரில் சுற்றும். எந்த சிலிண்டருக்கு எப்போது டீசல் அடிக்க வேண்டும் என்பதை அந்தப் பம்ப்பே பார்த்துக்கொள்ளும். பேட்டரியைக் கழற்றினாலும் ஓடும். நிறுத்துவதற்கு ஒரு கம்பியை இழுக்க வேண்டும்.

இப்போது ஓடுவதெல்லாம் காமன் ரெயில் என்ஜின். 1997-இல் கார்களில் வந்தது. பம்ப் சும்மா அழுத்தத்தை மட்டும் கொடுக்கும். 1,600 பார், அதற்கு மேலும் போகும் அழுத்தம் அது. எந்த நேரத்தில், எவ்வளவு அடிக்க வேண்டும் என்று முடிவு செய்வது ஈசியூ என்கிற கம்ப்யூட்டர். அதற்குக் கண் கிடையாது. என்ஜின் இந்த நொடியில் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கிராங்க் சென்சார்தான் சொல்ல வேண்டும்.

கிராங்க் ஷாஃப்ட்டில் ஒரு பல் சக்கரம் இருக்கும். பெரும்பாலான வண்டிகளில் 60 பல்லுக்கு இடம் வைத்து, இரண்டு பல்லை எடுத்துவிட்டிருப்பார்கள். 58 பல் மீதி. ஒவ்வொரு பல்லும் ஆறு டிகிரி. அந்த இரண்டு பல் ஓட்டை கடக்கும்போது, 'ஒரு சுற்று முடிந்தது' என்று ஈசியூ தெரிந்துகொள்ளும். 2,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஒரு நொடிக்கு 1,900-க்கு மேல் துடிப்புகள் போக வேண்டும். அது அறுந்தால் ஈசியூவுக்கு இருட்டு. டீசல் அடிப்பதை நிறுத்திவிடும். சில வண்டிகள் கேம் சென்சாரை வைத்துக்கொண்டு கொஞ்ச தூரம் சமாளிக்கும். என் வண்டியும் ஆரம்பத்தில் அப்படித்தான் குலுங்கிக் குலுங்கிச் சமாளித்திருக்கிறது. நான் அதைக் கவனிக்கவில்லை.

உங்கள் டேஷ்போர்டில் ஆர்பிஎம் முள் ஆடுவதும் அதே சென்சாரின் துடிப்பை வைத்துத்தான். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது முள் பூஜ்யத்துக்கு விழுந்தால், அந்தத் துடிப்பு அறுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு ஸ்கேனர் கூட வேண்டாம்.

கோடு சொல்வது முகவரி மட்டும்

என் முதல் தப்பு இங்கேதான். பி0335 என்றால் 'கிராங்க் சென்சார் கெட்டுவிட்டது' என்று படித்தேன். அங்கே எழுதியிருப்பது 'சர்க்யூட்'. சர்க்யூட் என்றால் சென்சார் மட்டும் இல்லை. சென்சாரிலிருந்து போகும் மூன்று ஒயர், நடுவில் இருக்கும் கனெக்டர், கிரவுண்ட், பல் சக்கரம், ஈசியூ எல்லாம் சேர்ந்தது. தபால்காரர் தெருப் பெயரைச் சொல்கிறார். வீட்டை நாம்தான் தேட வேண்டும்.

அப்படியானால் சென்சார் மாற்றியதும் மூன்று வாரம் நன்றாக இருந்ததே, அது எப்படி என்று கேட்பீர்கள். நானும் அதில்தான் ஏமாந்தேன். சென்சாரை மாற்றும்போது கனெக்டரைக் கழற்றினேன், ஒயரை இழுத்து நகர்த்தினேன். உள்ளே அறுந்து அறுந்து தொட்டுக்கொண்டிருந்த செம்பு இழை அந்த அசைவில் மறுபடியும் நன்றாகத் தொட்டுக்கொண்டது. மூன்று வாரம் கழித்து மறுபடியும் விலகியது. புது சென்சார் செய்த வேலை இல்லை அது. என் கை செய்த வேலை. பாகத்தை மாற்றி, சில நாள் நன்றாக இருந்து, அதே கோடு திரும்பி வந்தால், அதே பாகத்தை மூன்றாவது முறை வாங்காதீர்கள். ஒயரைப் பாருங்கள்.

அழித்ததால் இழந்தது

இரண்டாவது தப்பு, கோடை அழித்தது. பழுது பதிவாகும்போது ஈசியூ அந்த நேரத்து நிலவரத்தையும் ஒரு படம் மாதிரி எடுத்து வைக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். அந்த நேரத்தில் வேகம் எவ்வளவு, கூலன்ட் சூடு எவ்வளவு, என்ஜின் மேல் பாரம் எவ்வளவு என்று அதில் இருக்கும். கோடை அழித்தால் அதுவும் சேர்ந்து அழியும். ஆறு முறை நான் அழித்தது லைட்டை இல்லை, ஆறு சாட்சியங்களை.

பாலத்தில் நின்ற அடுத்த நாள் வண்டியைக் கட்டி இழுத்து வந்து, முதல் முறையாக அழிக்காமல் படித்தேன். வேகம் 42. கூலன்ட் சூடு 88 டிகிரி. ஆர்பிஎம் 0. கியரில் 42-இல் ஓடும் வண்டிக்கு ஆர்பிஎம் பூஜ்யமாக இருக்க முடியாது. அதாவது என்ஜின் சுற்றிக்கொண்டிருக்கும்போதே துடிப்பு அறுந்திருக்கிறது. சூடாக இருந்தபோது அறுந்திருக்கிறது. ஆறிய பிறகு, அதாவது காலையில், வண்டி ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது.

பிறகு ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். பிப்ரவரியிலிருந்து லைட் எரிந்த இடங்களை நினைவிலிருந்து எழுதினேன். தவளக்குப்பம் சந்திப்பு, வேகத்தடை. நோணாங்குப்பம், பாலத்து இணைப்பு. அரியாங்குப்பம், பள்ளம். எல்லாமே கிளம்பிப் பத்து நிமிடமாவது ஓடிய பிறகு. எல்லாமே ஏதோ ஒரு குலுக்கல். கிளம்பியவுடன் ஒரு முறை கூட இல்லை. சூடும் குலுக்கலும் சேர்ந்தால் வருகிறது. இது சென்சாரை விட ஒயருக்குப் பொருந்துகிற குணம். இந்த நோட்டை பிப்ரவரியிலேயே எழுதியிருந்தால் பத்து நிமிட வேலை.

மீட்டரும் ஏமாற்றும்

மல்டிமீட்டரை எடுத்து ஒயரை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்றும் 'பீப்' என்று சத்தம் கொடுத்தது. சாவியை ஆன் செய்து கனெக்டரில் பார்த்தேன், 5 வோல்ட் வருகிறது. எல்லாம் சரி என்று மீட்டர் சொன்னது. மீட்டர் பொய் சொல்லவில்லை. ஆறிப்போய், அசையாமல் நிற்கும் வண்டியில் கேட்டேன், அது அந்த நிலைக்குப் பதில் சொன்னது. இருபது இழை உள்ள ஒயரில் ஒரே ஓர் இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் 'பீப்' என்றுதான் சொல்லும்.

அதனால் வண்டியை அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கினேன். இங்கேயே நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, ஸ்கேனரில் ஆர்பிஎம்மைத் திரையில் வைத்துக்கொண்டு, ஒரு மரக் குச்சியால் ஒயர் கட்டை ஒவ்வொரு இடமாக மெதுவாக அசைத்தேன். சுற்றும் பெல்ட், ஃபேன் பக்கம் கையை விடக் கூடாது, அதற்குத்தான் குச்சி. கனெக்டர் பக்கம் அசைத்தேன், ஒன்றும் இல்லை. மேலே அசைத்தேன், ஒன்றும் இல்லை. என்ஜினுக்கு அடியில் ஓர் இரும்பு பிராக்கெட்டைச் சுற்றிப் போகிற இடத்தில் தொட்டதும் ஆர்பிஎம் சட்டென்று விழுந்து எழுந்தது. மறுபடி தொட்டேன், என்ஜின் நின்றது.

டேப்பைப் பிரித்துப் பார்த்தேன். ஒயரின் மேல்தோலை எலி கடித்திருக்கிறது. ஒரு நகம் நீளத்துக்கு. அந்த ஓட்டையில் புயல் தண்ணீர் போயிருக்கிறது. நாம் இருப்பதோ கடலோர ஊர், காற்றிலேயே உப்பு. உள்ளே செம்பு பச்சை பூத்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. மீதி இருந்தது இரண்டே இழை. கிரவுண்ட் ஒயர் அது. நவம்பரில் நனைந்தது, பிப்ரவரி வரைக்கும் மெதுவாக அரித்திருக்கிறது. தண்ணீர் வடிந்ததும் ஆபத்து வடிந்துவிட்டது என்று நான் நினைத்தது மூன்றாவது தப்பு.

செப்பனிட்டது எளிது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றினேன். பச்சை போய் பளபளப்பான செம்பு தெரியும் வரைக்கும் இரண்டு பக்கமும் வெட்டினேன். அதே தடிமன் ஒயரை வைத்து இணைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடு காட்டினேன். மேலே நெளி குழாய் மாட்டி, பிராக்கெட்டில் உரசாமல் தள்ளிக் கட்டினேன். வெறும் இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் என்ஜின் சூட்டில் பசை இளகி அவிழ்ந்துவிடும். மொத்தச் செலவு 640 ரூபாய். கோடை அழித்தேன், இந்த முறை வேலை முடித்த பிறகு. பிறகு ஒரு வாரம் தினமும் ஓட்டி, பெண்டிங் கோடு ஏதாவது வருகிறதா என்று பார்த்தேன். லைட் எரிவதற்கு முன்பே சில பழுதுகள் பெண்டிங் பட்டியலில் வந்துவிடும். இன்றோடு மூன்று மாதம் ஆகப் போகிறது. வரவில்லை.

உங்கள் வண்டிக்கு

இதில் உங்களுக்கு வேண்டியதைச் சுருக்கிச் சொல்கிறேன்.

சிவப்பு லைட் வேறு, மஞ்சள் லைட் வேறு. ஆயில் கேன் படம், அல்லது சூட்டுப் படம் சிவப்பில் எரிந்தால், ஓரம் கட்டி என்ஜினை அணைத்துவிடுங்கள். மஞ்சள் செக் என்ஜின் லைட் எரிந்தால் பதற வேண்டாம், ஆனால் மறந்துவிடவும் வேண்டாம். மஞ்சள் லைட்டோடு குலுக்கல், இழுவைக் குறைவு, முள் விழுவது இவற்றில் ஒன்று சேர்ந்தால் அந்த வண்டியில் தூரம் போகாதீர்கள். ராத்திரி அவசரத்துக்கு அதை நம்பாதீர்கள்.

மெக்கானிக்கிடம் விடும்போது 'லைட் எரியுது' என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது எரிந்தது, எவ்வளவு நேரம் ஓடிய பிறகு, எந்த வேகம், மழையா, ஏசி ஓடியதா என்று எழுதிக் கொடுங்கள். கோடையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் அழிக்கும் முன் போட்டோ எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். 'எந்தச் சோதனை செய்து இந்தப் பாகம் கெட்டது என்று சொல்கிறீர்கள்?' என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார்.

ஒரே நேரத்தில் நான்கைந்து சென்சாருக்குச் சம்பந்தமில்லாமல் கோடு வந்தால், நான்கும் ஒன்றாகக் கெட்டிருக்க வாய்ப்பில்லை. பல சென்சாருக்கு ஒரே 5 வோல்ட் லைன்தான் போகும். ஒன்று ஷார்ட் ஆனால் மற்றதும் படுக்கும். அல்லது பேட்டரி வலுவிழந்திருக்கும், கிரவுண்ட் போல்ட் துரு ஏறியிருக்கும். முதலில் பேட்டரியைப் பாருங்கள். என்ஜின் அணைந்திருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம், ஓடும்போது பொதுவாக 14 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும்.

பிஎஸ்6 டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. 2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த வண்டிகள் அவை. டீசல் காரின் சைலன்ஸர் லைனில் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்கிற வடிகட்டி இருக்கும். அந்தக் கரி எரிய 600 டிகிரி பக்கம் சூடு வேண்டும். தவளக்குப்பம் கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக ஓட்டினால் அந்தச் சூடு வரவே வராது. பிறகு டிபிஎஃப் லைட் எரியும், சென்சாரைக் குறை சொல்வோம். வாரத்துக்கு ஒரு முறை கடலூர் பக்கம் இருபது முப்பது நிமிடம் நிற்காமல் ஓட்டுங்கள். எந்த வேகம், எவ்வளவு நேரம் என்பது உங்கள் வண்டிப் புத்தகத்தில் இருக்கும். அது எரியும் நேரத்தில் காய்ந்த புல் மேலேயோ வைக்கோல் மேலேயோ நிறுத்தாதீர்கள். ஆயில் அளவு கூடிக்கொண்டே போனால், நல்லது என்று நினைக்காதீர்கள். எரியாத டீசல் ஆயிலில் கலக்கிறது என்று அர்த்தம்.

யூரியாத் திரவம் ஊற்றும் வண்டி வைத்திருப்பவர்கள், அதில் 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர் என்பதை நினைவில் வையுங்கள். நம் பக்கம் வயல்காரர்கள் அதிகம், மூட்டை யூரியா வீட்டிலேயே இருக்கும். அதைக் கரைத்து ஊற்றலாம் என்று ஒருவர் என்னிடமே யோசனை கேட்டார். வேண்டவே வேண்டாம். 2015-இலிருந்து நம் நாட்டில் உர யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியது. அதை ஊற்றினால் சென்சார் இல்லை, முழு அமைப்பும் போகும்.

நாம் சேர்ந்து செய்ய வேண்டியது

என் ஒயரைக் கடித்த எலி என் வீட்டு எலி இல்லை. நம் எல்லோருடைய எலி. வண்டிக்குள் பிஸ்கட் பாக்கெட், பிரியாணிப் பொட்டலம் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பார்க்கிங் மூலையில் குப்பைப் பையை இரவில் வைக்காதீர்கள். வடிகால் வாயில் கம்பி வலை போட வேண்டும் என்று நிர்வாகக் குழுவிடம் கேட்கிறேன். வாரத்துக்கு ஒரு நாள் பானட்டைத் திறந்து பாருங்கள். காய்ந்த இலை, பஞ்சு, எலிப் புழுக்கை தெரிந்தால் அடுத்தது ஒயர்தான்.

ஐப்பசி வருகிறது. புயல் எச்சரிக்கை வந்தால் முதல் நாளே வண்டிகளை மேட்டுக்கு எடுத்துவிடுவோம். யார் எங்கே நிறுத்துவது என்று இப்போதே பேசிக்கொள்வோம். வண்டி தண்ணீரில் நின்றுவிட்டால் சாவியைத் திருப்பாதீர்கள். காற்று போகும் வழியில் தண்ணீர் ஏறி சிலிண்டருக்குள் போனால், தண்ணீரை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கட்டி இழுங்கள். தண்ணீர் வடிந்த பிறகும் கனெக்டர்களைத் திறந்து துடைத்து, எலக்ட்ரிகல் கிளீனர் அடித்து உலர்த்தச் சொல்லுங்கள். ஓடுகிறதே என்று விட்டுவிடாதீர்கள். என்னைப் பாருங்கள், நான் விட்டேன்.

நம் ஜெனரேட்டருக்கும் இதே பாடம்தான். ஆயில் பிரஷர் சென்சார் சும்மா சும்மா அணைக்கிறது என்று போன கோடையில் அதை ஷார்ட் செய்து ஓட்டினோம். லிஃப்ட் ஓட வேண்டுமே என்ற அவசரம், நானும் கூட நின்றேன். நிஜமாகவே ஆயில் குறைந்திருந்தால் என்ஜின் பிடித்துக்கொண்டிருக்கும். அதைச் சரியாகச் சோதித்து மாற்ற வேண்டும் என்று இந்தக் கூட்டத்திலேயே கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. ராத்திரியில் பிரசவ வலி, நெஞ்சு வலி என்றால் முதலில் 108. அதை அழைத்துவிட்டு மற்றதை யோசியுங்கள். அன்றைக்கு என் மனைவி சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். இரண்டாவதாக, எந்த நேரத்தில் அழைத்தாலும் வண்டி எடுக்கத் தயாராக இருப்பவர்களின் பட்டியல் ஒன்றை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டலாம் என்று சி பிளாக் தம்பியும் நானும் பேசியிருக்கிறோம். வாட்ச்மேன் அண்ணனிடம் நோட்டு இருக்கிறது, போகும்போது பெயரும் நம்பரும் எழுதிவிட்டுப் போங்கள். என் பெயரை மூன்று மாதம் எழுதாமல் வைத்திருந்தேன். ஒயர் சரியான பிறகும் என் வண்டியை நானே நம்ப எனக்குக் கொஞ்ச நாள் தேவைப்பட்டது. இன்று காலை பூஜைக்கு முன்னால் எழுதிவிட்டேன்.

ஸ்கேனர் இனிமேல் என் வீட்டில் இருக்காது. சங்க அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். அதன் பெட்டியிலேயே ஒரு சின்ன நோட்டும் பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன். கோடை அழிப்பதற்கு முன்னால் அதில் எழுதுங்கள்.

பேரன் எழுந்துவிட்டான் போலிருக்கிறது. சந்தேகம் இருந்தால் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே கேளுங்கள்.